நாலரை மணி ஸ்லோ ஜாம்: கர்நாடக வயலினில் ஓல்ட் டைம் மெட்டுகள்

கர்நாடக வயலினுக்கு நாம் கூட்டுவது ஸ-ப-ஸ-ப. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் ஏ சுருதி மெட்டுகளுக்குப் பிடில்காரர்கள் கூட்டுவது ஏ-ஈ-ஏ-ஈ. ஏ என்பது ஸட்ஜமம் என்றால் ஈ பஞ்சமம். இரண்டும் ஒன்றுதான். அங்கே இதை கிராஸ் ட்யூனிங் என்பார்கள். சாதாரண மேற்கத்திய சுருதியில் பழகியவர்கள் இந்தக் கூட்டலுக்கு மாறும்போது விரல் இடமெல்லாம் புரண்டுபோய்த் தடுமாறுவார்கள். பெரம்பூரிலோ கொருக்குப்பேட்டையிலோ ஐந்தாறு வருஷம் கர்நாடக வயலின் கற்றவருக்கு அந்தத் தடுமாற்றம் கிடையாது. இடது கைக்கு ஏற்கெனவே தெரிந்த வீடு அது. கற்றுக்கொள்ள வேண்டியது முழுக்க வலது கையில் இருக்கிறது. ஓல்ட் டைம் என்ற அந்த மலைநாட்டு இசையை மெதுவான காலத்தில் எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பழக இணையத்தில் நடக்கும் ஸ்லோ ஜாம் கூட்டங்களை வலது கைக்கான பள்ளிக்கூடமாக எடுத்துக்கொண்டால்தான் பலன் உண்டு என்பது என் உறுதியான எண்ணம். எத்தனை மெட்டு சேர்ந்தது என்று கணக்கு வைப்பவர்கள் ஆறு மாதம் கழித்தும் கர்நாடக வில்லிலேயே அமெரிக்க மெட்டு வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

ஓல்ட் டைம் என்பது மலைநாட்டு நடன இசை. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்களின் பிடிலும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களின் பாஞ்சோ என்ற தோல் முகக் கம்பி வாத்தியமும் சேர்ந்து உண்டானது. 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் இதைப் பதிவு செய்யத் தொடங்கின. 1923இல் அட்லாண்டாவில் பிடிலின் ஜான் கார்சன் பதிவு செய்த தட்டு நன்றாக விற்ற பிறகுதான் இந்த இசைக்குச் சந்தை இருப்பதே அவர்களுக்குப் புரிந்தது. ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க இசை இதற்குப் பின்னால் வந்தது, வேறு வகை. ப்ளூகிராஸில் ஒவ்வொருவராகத் தனி ஆவர்த்தனம் எடுப்பார்கள். ஓல்ட் டைமில் எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து, திரும்பத் திரும்ப, பத்துப் பதினைந்து சுற்று வாசிப்பார்கள். அந்தத் திரும்பத் திரும்ப என்பதில்தான் கற்றலே நடக்கிறது.

வடசென்னைக்கும் இந்த வகை மெட்டுகளுக்கும் பழைய உறவு உண்டு. முத்துசாமி தீட்சிதரின் தந்தை ராமசாமி தீட்சிதர் குடும்பத்தோடு திருவாரூரிலிருந்து வந்து குடியிருந்தது மணலியில், முத்துகிருஷ்ண முதலியார் ஆதரவில். அங்கிருந்து முத்துசாமி தீட்சிதர் கோட்டைக்குப் போய் வெள்ளைக்காரர்களின் பேண்டு இசையைக் கேட்டதன் விளைவுதான் சுமார் 40 நோட்டுஸ்வரங்கள், அதாவது மேற்கத்திய பாணி மெட்டில் அமைந்த சிறு பாடல்கள். தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்றதும் அந்தக் காலத்தில்தான். ‘வந்தே மீனாக்ஷி’ நோட்டுஸ்வரத்தின் மெட்டு ‘ரேக்ஸ் ஆஃப் மேலோ’ என்ற அயர்லாந்து மெட்டு. அப்பலாச்சிய மெட்டுகளில் பலவற்றுக்கும் தாய்வீடு அதே அயர்லாந்து, ஸ்காட்லாந்துதான். ஆரம்பப் பாடத்தில் நோட்டுஸ்வரம் வாசித்தவர் இந்தக் குடும்பத்து மெட்டு ஒன்றை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறார். முதல் கூட்டத்துக்கு முந்தைய வாரம் அதை எடுத்துத் தூசி தட்டுங்கள்.

நேரக் கணக்கு

முதல் தடங்கல் கடிகாரம்தான். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7 மணிக்கு என்று போட்டிருந்தால், அங்கே கோடை நேரம் நடக்கும் மாதங்களில் நமக்கு மறுநாள் அதிகாலை 4.30. குளிர்காலத்தில் 5.30. மேற்குக் கரையில் இரவு 7 மணி என்றால் நமக்குக் காலை 7.30, குளிர்காலத்தில் 8.30. இங்கிலாந்தில் இரவு 7.30 என்றால் கோடையில் நமக்குச் சரியாக நள்ளிரவு 12, குளிர்காலத்தில் 1 மணி. வேலைக்குப் போகிறவர்களுக்கு மேற்குக் கரைக் கூட்டங்கள்தான் வசதி.

இங்கே இரண்டு இடத்தில் ஆட்கள் தவறுகிறார்கள். ஒன்று, நாள். அவர்களுடைய செவ்வாய் இரவு நம்முடைய புதன் காலை. காலண்டரில் செவ்வாய் என்று குறித்துவிட்டு ஒரு நாள் முன்னதாக எழுந்து காத்திருப்பது வீண். இரண்டு, நேர மாற்றம். அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். இடைப்பட்ட வாரங்களில் இரண்டு நாட்டுக்கும் உள்ள வித்தியாசமே ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். நம் ஊரில் மாற்றமே இல்லாததால் இந்தத் தேதிகளை முன்கூட்டியே கைபேசியில் போட்டு வைப்பது ஒன்றே வழி.

அதிகாலை நாலரைக்கு வாசிப்பது சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் பக்கத்து வீட்டுத் தூக்கத்தைக் கெடுக்கும். தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் மாட்டி ஒலியை அடக்கும் கனமான ரப்பர் ம்யூட் இதற்கென்றே இருக்கிறது. சாதாரணச் சின்ன ம்யூட் போதாது, குதிரையின் மேல்விளிம்பு முழுவதையும் கவ்வும் பெரிய வகை வேண்டும். ஒரு சிக்கல்: இதை மாட்டினால் வில்லின் அழுத்தம் காதுக்குச் சரியாகத் தெரியாது, கை தானாக அதிகம் அழுத்தத் தொடங்கும். அதனால் அன்றைக்கே மாலையில் ம்யூட் இல்லாமல் பதினைந்து நிமிஷமாவது அதே மெட்டை வாசித்துக் கையைச் சரிசெய்ய வேண்டும்.

எல்லோரையும் ஏன் ம்யூட் பண்ணுகிறார்கள்

புதிதாக வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஜாம் என்று சொல்லிவிட்டு, நடத்துபவர் ஒருவரின் ஒலி மட்டும் கேட்கிறது. முப்பது பேர் திரையில் வில் இழுக்கிறார்கள், சத்தமில்லை. காரணம் தூரம். கண்ணாடி இழையில் ஒளி 1000 கிலோமீட்டர் போக ஏறத்தாழ 5 மில்லிசெகண்ட் ஆகும். சென்னையிலிருந்து நியூயார்க் நேர்க்கோட்டிலேயே சுமார் 13,500 கிலோமீட்டர், ஆகக் குறைந்தபட்சம் 67 மில்லிசெகண்ட். கேபிள்கள் சுற்றிப் போவதும், வழியில் உள்ள கருவிகளும், ஒலியைச் சுருக்கி விரிக்கும் நேரமும் சேர்ந்தால் ஒரு பக்கத்துக்கே 150, 200 என்று ஆகிவிடும். நிமிஷத்துக்கு 80 அடி என்ற மெதுவான காலத்தில்கூட ஓர் அடி 750 மில்லிசெகண்ட்தான். 200 மில்லிசெகண்ட் என்பது கால் அடிக்கும் மேல். சேர்ந்து வாசிப்பவர்களுக்கு 25, 30 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம் போனாலே காலம் இழுக்க ஆரம்பிக்கும். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க, மற்றவர் இவருக்காகக் காத்திருக்க, மெட்டு நின்றேவிடும்.

எனவே ம்யூட் என்பது இயற்பியல். அதை ஓர் ஆதாயமாகவே எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் தப்பாக வாசிப்பது யாருக்கும் கேட்காது. நடுவில் நிறுத்தி ஒரு துண்டை மட்டும் பத்துத் தரம் பிடித்துவிட்டு மறுபடி சேர்ந்துகொள்ளலாம். நேரில் நடக்கும் கூட்டத்தில் இந்தச் சுதந்திரம் இல்லை.

ப்ளூடூத் இயர்போன் பற்றி அடிக்கடி கேட்கப்படுகிறது. ம்யூட்டில் இருக்கும் வரை அதன் தாமதத்தால் தாளத்துக்குக் கெடுதல் இல்லை, ஏனென்றால் நீங்கள் கேட்கும் ஒலியோடுதான் சேர்கிறீர்கள். ஆனால் மைக்கும் அதே இயர்போனில் இயங்கினால், அது தொலைபேசி அழைப்பு முறைக்கு மாறி ஒலியின் தரத்தைக் குறைத்துவிடும். பிடிலின் மேல் ஸ்வரங்களும் வில்லின் உரசலும் மங்கிப்போகும். வில்லைத்தானே கேட்க வந்தோம்? வயர் உள்ள ஹெட்போன் போடுங்கள், அதையும் ஒரு காதில் மட்டும். மறு காது உங்கள் வயலினுக்கு.

ஸூமில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்றோர் அமைப்பு இருக்கிறது. அது அணைந்திருந்தால், நீளமாக இழுக்கும் ஸ்வரத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து மென்பொருள் அடக்கிவிடும். பேச்சு தெளிவாக இருக்கும், வயலின் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல வந்து வந்து மறையும். நடத்துபவரின் ஒலி அப்படி இருந்தால் உரையாடல் பெட்டியில் மரியாதையாக எழுதிச் சொல்லுங்கள், நல்லதுதான். உங்களைத் தனியாக வாசிக்கச் சொல்லும் வேளைக்காக நீங்களும் அதைப் போட்டு வையுங்கள். எதிரொலி நீக்கத்தை அணைத்தால் ஹெட்போன் கட்டாயம்.

வைஃபையைவிட ரூட்டரிலிருந்து நேராக வயர் போடுவது நல்லது. மின்சாரம் போய்விட்டு வருவது வழக்கமான தெரு என்றால் ரூட்டருக்கு மட்டும் ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வைத்தால் போதும், மடிக்கணினிக்குத்தான் பேட்டரி இருக்கிறதே. இணையம் திணறினால் உங்கள் வீடியோவை அணையுங்கள். நடத்துபவரின் வீடியோவை மட்டும் அணைக்காதீர்கள். அவருடைய வலது கையைப் பார்ப்பதற்குத்தான் எழுந்திருக்கிறீர்கள். அவருடைய படத்தை ‘பின்’ (pin) செய்து திரை முழுக்க வையுங்கள்.

சுருதி

பெண் குரலுக்குப் பக்கம் வாசிக்கும் 5 கட்டையில் உங்கள் வயலின் இருந்தால் அது ஜி-டி-ஜி-டி. ஜி சுருதி மெட்டுகளுக்கு அப்படியே சேரலாம். ஏ சுருதிக்கு 6 கட்டை. சாதாரண வயலின் தந்திகள் ஜி-டி-ஏ-ஈ என்ற அளவுக்காகச் செய்யப்பட்டவை. ஏ-ஈ-ஏ-ஈ கூட்டும்போது கீழ் இரண்டு தந்திகள் அந்த அளவிலிருந்து ஒரு முழு ஸ்வரம் மேலே போகின்றன, இழுவிசை கால்வாசி கூடுகிறது. நல்ல தந்தி தாங்கும். துருப்பிடித்த தந்தி அறுந்துவிடும். காசிமேடு, ராயபுரம் பக்கம் கடற்காற்று உப்போடு வருவதால் இரும்புத் தந்திகள் சீக்கிரம் சொரசொரப்பாகும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் கீழிருந்து மேல் வரை துடைத்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தால் ஆயுள் கூடும்.

1 கட்டை, 2 கட்டையில் தாழக் கூட்டியிருக்கும் வயலினை ஒரே மூச்சில் 6 கட்டைக்கு ஏற்றாதீர்கள். ஒவ்வொரு தந்தியையும் கொஞ்சம் கொஞ்சமாக, நான்கையும் மாற்றி மாற்றி ஏற்றுங்கள். பிருடையை முறுக்க முறுக்கக் குதிரையின் தலை பிருடைப் பக்கம் சாயும். நாலைந்து முறுக்குக்கு ஒருமுறை பக்கவாட்டிலிருந்து பார்த்து, இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்த வேண்டும். சாய்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் குதிரை விழும், விழுந்தால் உள்ளே இருக்கும் சிறு மரத்தூணும் விழலாம். அதை நிறுத்த ரிப்பேர்காரரிடம்தான் போக வேண்டும். ஐப்பசி மழையில் பிருடை ஊதி இறுகும், ஏசி அறையில் சுருங்கி வழுக்கும். வழுக்கினால் சாக்பீஸ் தூள் கொஞ்சம்.

டி சுருதி மெட்டுகளில்தான் நமக்கு உண்மையான புதுப் பாடம். அவற்றுக்குச் சாதாரண ஜி-டி-ஏ-ஈ. டி ஸட்ஜமமானால் கீழிருந்து மேலாகத் தந்திகள் ம-ஸ-ப-ரி. மேல் தந்தியைத் தொடாமல் இழுத்தால் ரிஷபம் பேசும். ஒரு வாரத்துக்கு விரல்கள் பொய் சொல்லும். மோகனத்தை ஆரோகணம் அவரோகணமாக இந்தக் கூட்டலில் தினமும் இருபது தரம் வாசித்தால் பழகிவிடும். பலர் கீழ் ஜி தந்தியை ஏ-வுக்கு ஏற்றி ப-ஸ-ப-ரி ஆக்கிக்கொள்வார்கள். கீழே பஞ்சமம் துணைநாதமாக நிற்கும், நமக்கும் அது சுகமாக இருக்கும்.

சுருதிப் பெட்டியை நம்பாதீர்கள். அது அரைக்கால் ஸ்வரம் விலகியிருந்தாலும் தெரியாது. ஏ என்றால் 440 ஹெர்ட்ஸ் என்று அமைத்த ட்யூனர் செயலியில் கூட்டிவிட்டு, கூட்டத்தின் தொடக்கத்தில் நடத்துபவர் ஒவ்வொரு தந்தியாக இழுத்துக் காட்டும்போது அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வில்

கர்நாடக வில் பாட்டைத் தொடர்ந்து போவது. ஒரே இழுப்பில் நாலு ஸ்வரம், எட்டு ஸ்வரம், கமகத்தோடு வழுக்கிக்கொண்டு போகும். வில் திரும்புவது தெரியக்கூடாது என்பதற்கே வருஷக்கணக்கில் உழைக்கிறோம். ஓல்ட் டைம் வில் ஆட்டத்துக்கானது. அங்கே வில் திரும்புவது தெரிந்தே ஆக வேண்டும். தவில், சட்டிமேளம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம்: அந்தக் கூட்டத்தில் தாளவாத்தியம் என்று தனியாக ஒன்று இல்லை, உங்கள் வில்தான் மேளம்.

அடிப்படை வடிவம் ஷஃபிள். ஒரு நீளம், இரண்டு குட்டை. சொல்லாகச் சொன்னால் ‘தா தக, தா தக’. ஓர் அடிக்குள் ‘தா’ பாதி, ‘த’ கால், ‘க’ கால். மூன்றும் மூன்று தனி வில். முதல் அடியில் ‘தா’ கீழ் இழுப்பு, ‘த’ மேல், ‘க’ கீழ். அடுத்த அடியில் ‘தா’ மேல், ‘த’ கீழ், ‘க’ மேல். ஆக ஒவ்வோர் அடிக்கும் திசை மாறி வரும். இது புரியாமல் ஒவ்வொரு ‘தா’வையும் கீழ் இழுப்பில் தொடங்க முயல்பவர்கள், திசையைச் சரிக்கட்ட ‘தக’ இரண்டையும் ஒரே வில்லில் வாசித்துவிடுவார்கள். அங்கேதான் துடிப்பு செத்துப்போகிறது. மெட்டு சரியாகவே கேட்கும், ஆனால் யாருக்கும் கால் ஆடாது.

அழுத்தம் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. அடி விழும் ‘தா’ லேசாக, ‘தக’வில் கனமாக. தட்டும் கைக்கு நடுவே, கை மேலே எழும்பும் நேரத்தில் வில் கடிக்க வேண்டும். கையை அழுத்தி இதைச் செய்யாதீர்கள், கீறல் சத்தம் வரும். ஆள்காட்டி விரல் வில்லின் மேல் ஒரு கணம் சாய்ந்தால் போதும். வில்லின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே, ஒரு சாண் நீளத்துக்குள்ளேயே எல்லாமும் முடிய வேண்டும். வில் முழுவதையும் பயன்படுத்துகிறவர் வேகம் கூடும்போது பின்தங்குவார்.

மெட்டுக்குப் போவதற்கு முன் இந்தப் பயிற்சி. மோகனத்தில், ஒவ்வொரு கட்டும் ஓர் அடி, எட்டுக் கட்டும் சேர்ந்து ஓர் ஆதி தாள ஆவர்த்தனம்:

ஸா ரிக | பா தப | கா ரிஸ | ரீ ஸத |
ஸா ரிக | பா கரி | ஸா தப | ஸா ஸஸ ||

நாலாவது, ஏழாவது கட்டுகளில் வரும் த, ப கீழ் ஸ்தாயி. மெட்ரோனோமில் 60 வைத்துப் பத்து ஆவர்த்தனம். பிறகு ஸ்வரங்களை விட்டுவிட்டு, ஸட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்து ஒரே ஒலியாக இழுத்து, அதே ‘தா தக’ மட்டும் பத்து ஆவர்த்தனம். பிறகு மறுபடி ஸ்வரம், இந்த முறை பக்கத்துத் தந்தியை வில் உரசியபடியே இருக்கட்டும். அந்தத் துணைநாதம் ஓல்ட் டைம் ஒலியின் பாதி. தம்பூராவைத் தனியாக மீட்டாமல் வில்லிலேயே கட்டிவைத்த மாதிரி. 60இல் தோள் வலிக்காமல் ஐந்து நிமிஷம் போக முடிந்தால் 65. நடனத்துக்கு வாசிக்கும் வேகம் 110, 120 வரை இருக்கும். அந்த எண் இப்போது உங்களுக்குத் தேவையே இல்லை.

உட்கார்ந்து காலில் ஊன்றிப் பிடிப்பதை மாற்ற வேண்டாம். பழைய மலைநாட்டு பிடில்காரர்கள் பலர் தாடையில் வைக்காமல் மார்பில் சாய்த்துத்தான் வாசித்தார்கள். பிடிக்கு அங்கே சட்டம் கிடையாது.

மெட்டின் எலும்புக்கூடு

பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டு பாகம். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசித்தால் ஒரு சுற்று. ஒரு பாகம் 16 அடி, ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம். முழுச் சுற்று எட்டு ஆவர்த்தனம், 64 அடி. கையில் தாளம் போட்டபடி முதல் இரண்டு சுற்றைக் கேளுங்கள், வயலினைத் தொடாதீர்கள். பாகம் எங்கே மாறுகிறது என்று தெரிந்தபின் தொட்டால் போதும்.

ஒவ்வொரு பாகமும் நாலு நாலு அடியாக நாலு துண்டு. முதலாவதும் மூன்றாவதும் அநேகமாக ஒன்றே. இரண்டாவது கேள்வி மாதிரி தொங்கி நிற்கும், நாலாவது ஸட்ஜமத்தில் வந்து உட்காரும். பல மெட்டுகளில் இரண்டு பாகத்துக்கும் அந்த நாலாவது துண்டு ஒன்றாகவே இருக்கும். எனவே முதலில் பிடிக்க வேண்டியது முடிவுத் துண்டை. ஒரு சுற்றில் அது நாலு தரம் வரும், அந்த நாலு இடத்திலும் நீங்கள் நிச்சயமாக வாசிக்கலாம். மற்ற நேரம் ஸட்ஜம பஞ்சமத்தில் ‘தா தக’ போட்டுக்கொண்டே இருங்கள். சுற்று போகப் போகத் துண்டுகள் ஒவ்வொன்றாகச் சேரும். தொடக்கத்திலிருந்து வரிசையாகக் கற்க முயல்பவர்கள் முதல் துண்டிலேயே தடுக்கி, மீதி முழுவதும் வில்லைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள்.

தொடக்கத்தில் அடிக்கு முன்னால் இரண்டு ஸ்வரம் ஒட்டிக்கொண்டு வரும். நம் வழக்கில் அதீத எடுப்பு. நடத்துபவர் ‘ஒன், டூ’ என்று எண்ணிவிட்டு அடிக்கு முன்பே தொடங்கும்போது, அதை ஸமம் என்று எடுத்துக்கொண்டால் முழு மெட்டும் அரை அடி தள்ளிப் போகும். அவருடைய காலைப் பாருங்கள், கால் விழுவதுதான் ஸமம்.

சில மெட்டுகள் ‘க்ருக்கட்’, அதாவது கோணல். ஒரு பாகத்தில் ஓர் அடி கூடவோ குறையவோ இருக்கும். கணக்குத் தவறில்லை, பழைய வித்வான் அப்படி வாசித்தார், அதுவே பாடம். இவற்றுக்கு ஆதி தாளம் போடாதீர்கள். துண்டைப் பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்வது மட்டுமே உதவும்.

ராகமும் கமகமும்

‘ஏஞ்சலின் த பேக்கர்’ டி சுருதி, ஏறக்குறைய முழுக்க மோகனம். தொடங்க இதைவிடச் சிறந்த மெட்டு இல்லை என்பேன். ‘சோல்ஜர்ஸ் ஜாய்’ டி சுருதியில் சங்கராபரணம், ஸ்வரங்கள் நெருக்கமாக ஓடும், மூன்றாவதாகவோ நாலாவதாகவோ எடுக்கலாம். ‘ஓல்ட் ஜோ கிளார்க்’ ஏ சுருதி, ஹரிகாம்போதியின் ஸ்வரங்கள். ‘கிச்சன் கேர்ள்’ அழகான மெட்டு. முதல் பாகம் ஹரிகாம்போதி பக்கம், இரண்டாம் பாகத்தில் காந்தாரம் இறங்கிக் கரஹரப்ரியா பக்கம் சாயும்.

ஸ்வரங்கள் பொருந்துவதால் ராகமே பொருந்திவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய பொறி. மோகனம் என்றதும் ரிஷபத்தையும் தைவதத்தையும் கை அசைக்கும். அசைக்கக் கூடாது. விரல் விழுந்த இடத்தில் நிற்க வேண்டும். அலங்காரம் வேண்டுமென்றால் கீழிருந்து ஒரு சிறு சறுக்கல், அல்லது மேல் ஸ்வரத்தை ஒரு கணம் தொட்டுவிட்டு வருவது. அவ்வளவே. ஆனால் ஏ சுருதி மெட்டுகள் சிலவற்றில் பழைய பதிவுகளைக் கேட்டால் காந்தாரம் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில் நிற்கும். பியானோவில் அந்த ஸ்வரம் கிடையாது. அங்கே கற்கும் மற்றவர்கள் அதைத் தேடி அல்லாடும்போது, நம் காது உடனே பிடித்துவிடும். அதை ஆட்டாமல் நிறுத்தி வாசிப்பதுதான் நமக்கான வேலை.

கூட்டத்துக்குப் பின்

பதிவு செய்துகொள்ள அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் போட்டு, ‘சேஞ்ச் டெம்போ’ மூலம் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கலாம். 70 சதவீதத்துக்குக் கீழே போனால் வில்லின் தொடக்க உரசல் குழைந்துபோய், திசை மாற்றம் கேட்காது. 6 கட்டைக்கு ஏற்ற முடியாத வயலின் வைத்திருப்பவர்கள், அதே மென்பொருளில் சுருதியை இரண்டு அரைஸ்வரம் இறக்கி ஜி-டி-ஜி-டியிலேயே பழகலாம்.

ஒவ்வொரு மெட்டுக்கும் ஓர் அட்டை போடுங்கள்: பெயர், சுருதி, தந்திக் கூட்டல், முதல் நாலு ஸ்வரம், முடிவுத் துண்டின் ஸ்வரம், யாருடைய பாடம். முதல் நாலு ஸ்வரம் முக்கியம். முப்பது மெட்டு சேர்ந்தபின் பெயர் ஞாபகம் இருக்கும், தொடக்கம் வராது. தொடக்கம் வந்தால் மீதி தானாக வரும். முழு மெட்டையும் ஸ்வரப்படுத்தி எழுத வேண்டாம், எழுதினால் கண் படிக்கும், காது தூங்கும்.

‘யாருடைய பாடம்’ என்பதை விட்டுவிடாதீர்கள். நமக்குப் பாடாந்தரம் எப்படியோ அவர்களுக்கும் அப்படியே. வர்ஜீனியாவின் க்ளென் லின் ஊரைச் சேர்ந்த பிடில்காரர் ஹென்றி ரீட் (1884–1968) வாசித்தவற்றை நாட்டுப்புற இசை ஆய்வாளர் ஆலன் ஜாபூர் 1966, 1967 ஆண்டுகளில் ஒலிப்பதிவு செய்தார். ‘ஓவர் த வாட்டர்ஃபால்’, ‘கிச்சன் கேர்ள்’ போன்றவை இன்று உலகம் முழுக்க வாசிக்கப்படுவதற்குக் காரணம் அந்தப் பதிவுகள். அமெரிக்க நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஸ்லோ ஜாமில் கற்ற மெட்டை, ஒரு வாரம் கழித்து மூலப் பதிவில் கேளுங்கள். நடத்துபவர் எளிமைப்படுத்திய இடங்கள் எவை என்று தெரியும்.

கிடார், மேண்டலின் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. மேண்டலின் எட்டுக் கம்பி, ஜி-டி-ஏ-ஈ, டி சுருதி மெட்டுகளுக்குப் பிடிலின் விரலே அதற்கும். சர்ச் பாடகர் குழுவில் கிடார் வாசிப்பவர்கள் ஓல்ட் டைமில் அடக்கி வாசிக்க வேண்டும்: அடியில் கீழ்க்கம்பி ஒன்று, எழுச்சியில் ஒரு மீட்டல். ‘ஓல்ட் ஜோ கிளார்க்’குக்கு ஏ, ஜி இரண்டு கார்டு போதும். பழக்கத்தில் ஈ மேஜர் போட்டால் அதில் இருக்கும் ஜி ஷார்ப், மெட்டின் கைசிகி நிஷாதத்தோடு உரசும். பாஞ்சோ வாங்க நினைப்பவர்கள் கடையில் ஐந்து கம்பி, தோல் முகம், ஐந்தாவது கம்பி குட்டை என்று விளக்கிக் கேளுங்கள். வெறுமனே பாஞ்சோ என்றால் பொத்தான் அழுத்தி வாசிக்கும் புல்புல்தாராவை எடுத்துக் காட்டும் கடைகள் உண்டு.

ஒரே அறையில் நாலு பேர்

தூரம் தடுப்பது கடலுக்கு அப்பாலுள்ளவர்களோடு சேர்வதை மட்டும்தான். பெரம்பூரில், வியாசர்பாடியில், தண்டையார்பேட்டையில் தனித்தனியாக நாலு பேர் ம்யூட்டில் உட்காருவதற்குப் பதில், வாரம் ஒருநாள் ஒரே வீட்டில், ஒரே மடிக்கணினியில் சேரலாம். மைக்கை ம்யூட் செய்துவிட்டு, ஒலியை ஹெட்போனுக்குப் பதில் ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். வட்டமாக உட்காருங்கள், ஸ்பீக்கரும் வட்டத்தில் ஓர் ஆள் மாதிரி. அறையில் ஒலி ஒரு மீட்டர் போக 3 மில்லிசெகண்ட்தான் ஆகும், மூன்று மீட்டர் வட்டத்தில் தாமதம் ஒரு பொருட்டே இல்லை.

ஸ்பீக்கரை நாலு வயலினையும் மீறிக் கேட்கும் அளவுக்கு வைக்காதீர்கள். சற்றுக் குறைவாக வைத்தால் அதைக் கேட்பதற்காக எல்லோரும் தாமாகவே மென்மையாக வாசிப்பார்கள், அடுத்தவரின் வில்லும் காதில் விழும். யாராவது ஒருவர் மெட்டை விட்டுவிட்டு ‘தா தக’ மட்டும் போட வேண்டும், சுற்றுக்கு ஒருவராக அந்த வேலை மாறட்டும். நேரில் நடக்கும் கூட்டங்களில் கடைசிச் சுற்று என்பதைக் காட்ட, தொடங்கியவர் ஒரு காலைத் தூக்குவார். இணையத்தில் நடத்துபவர் வாயால் சொல்லிவிடுவார், அல்லது காலைக் கேமராவுக்கு நேரே நீட்டுவார். கூட்டம் முடிந்து இணைப்பைத் துண்டித்த பிறகு, ஸ்பீக்கர் இல்லாமல் அன்று கற்ற மெட்டில் ஒன்றை மட்டும் எடுத்து, 60இலேயே, யாராவது காலைத் தூக்கும் வரை வாசியுங்கள்.